இந்தக் கிஸ்ஸா கதையல்ல, காய்!

பெண்கள் அரபுக் கல்லூரியொன்றில் நான் ஹதீஸ் பாடம் நடத்தத் தொடங்கிய ஆரம்ப நாட்களில், பரீட்சை விடைத்தாளொன்றில் ஒரு மாணவி இவ்வாறு எழுதியிருந்தார்: ‘நபி (ஸல்) அவர்கள் பேரீத்தம்பழத்துடன் கிஸ்ஸா சாப்பிட்டார்கள்.’

கிஸ்ஸா என்றால் எங்கள் வீடுகளில் கதை. யூஸுப் நபியின் கிஸ்ஸா, ஐயூப் நபியின் கிஸ்ஸா என்று உம்மும்மாமாரிடம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். விடைத்தாளை வகுப்பில் வாசித்தபோது, கதையை எப்படிச் சாப்பிடுவது என்று பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உண்மையில் குற்றம் அந்த மாணவியுடையதல்ல. அரபியில் ‘ஸாத்’ என்ற எழுத்தால் எழுதினால் கதை; ‘ஸா’ என்ற எழுத்தால் எழுதினால் காய். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

நான் சிவப்புப் பேனையால் ‘கிஸ்ஸா’வை வெட்டிவிட்டு, மேலே ‘வெள்ளரிக்காய்’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்தத் திருத்தமே பாதிப் பிழை என்பதைப் பல வருடங்களுக்குப் பிறகுதான் அறிந்து கொண்டேன். அதை எனக்குக் கற்றுத் தந்ததும் ஒரு மாணவிதான்.

ஒரு மாணவியின் கேள்வி

2021ஆம் ஆண்டின் இறுதி. கொரோனா விடுமுறைக்குப் பின் வகுப்புகள் மீண்டும் தொடங்கிய நாட்கள். இமாம் திர்மிதியின் ‘ஷமாஇல்’ கிதாபில் ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரழி) அவர்களின் செய்தியைப் பாடமாக நடத்திக் கொண்டிருந்தேன். இவர் மதீனாவின் அன்ஸாரிப் பெண்மணி. யுத்த களங்களில் காயப்பட்டோருக்குத் தண்ணீர் கொடுத்து, மருந்திட்டுப் பணி செய்தவர் என்று புஹாரியிலே வருகிறது.

ஒருநாள் இவரிடம் ஒரு தட்டில் புதிய பேரீத்தம்பழங்களையும், அவற்றின் மேல் சின்னஞ்சிறு கிஸ்ஸாக் காய்களையும் வைத்து நபியவர்களிடம் அனுப்பி வைக்கிறார் முஆத் பின் அஃப்ரா (ரழி) அவர்கள். நபியவர்களுக்கு அந்தக் காய் மிகவும் விருப்பமானது. அப்போது பஹ்ரைனிலிருந்து வந்திருந்த ஆபரணங்கள் அவர்களிடம் இருந்தன. கை நிறைய அள்ளி அந்தப் பெண்மணிக்குக் கொடுத்தார்கள். இதுவே அந்தச் செய்தியின் கருத்து.

அந்தச் சிறு காய்களைக் குறிக்க அதில் வரும் அரபுச் சொற்கள் இரண்டு. ஒன்று ‘அஜ்ர்’. இது ‘ஜர்வு’ என்பதன் பன்மை. நாய்க்குட்டிக்கும் சிங்கக்குட்டிக்கும் அரபிகள் சொல்லும் சொல் இது. பிஞ்சுக் காயையும் அவர்கள் குட்டி என்றே அழைத்தார்கள். மற்றது ‘ஸுக்ப்’. பறவைக் குஞ்சின் உடம்பில் முளைக்கும் பஞ்சு போன்ற மெல்லிய மயிருக்குரிய சொல். ஆக, ‘பஞ்சு மயிர் முளைத்த குட்டிகள்’ என்று பொருள் சொல்லி, ‘அதாவது வெள்ளரிப் பிஞ்சு’ என்று வழமைபோல முடித்தேன்.

கடைசி வாங்கிலிருந்து ஒரு கை மெதுவாக உயர்ந்தது. ‘ஹஸ்ரத், பிப்பிஞ்ஞாப் பிஞ்சில் பஞ்சு மயிர் இல்லையே. சின்னச் சின்ன முள்தானே இருக்கும்? பஞ்சு மயிர் இருப்பது கெக்கரிப் பிஞ்சில்.’

வகுப்பில் சிரிப்பு. ‘சேனைக்காரப் பிள்ளைக்குத்தான் இதெல்லாம் தெரியும்’ என்று யாரோ முணுமுணுத்தார்கள். அந்தப் பிள்ளையின் குடும்பம் சேனைப் பயிர் செய்து பிழைக்கும் குடும்பம். கை உடனே கீழிறங்கிவிட்டது. முகம் சுருங்கிப்போய்விட்டது.

‘மகள், நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். நான் தேடிப் பார்த்துச் சொல்கிறேன்’ என்றேன். அன்றிரவே அகராதிகளைப் புரட்டத் தொடங்கினேன்.

ஒரே பேரினம், வேறு இனம்

சில அகராதிகள் கிஸ்ஸாவும் கியாரும் ஒன்றுதான் என்கின்றன. வேறு சில, இரண்டும் வெவ்வேறு காய்கள் என்கின்றன. இன்று நாம் கடையில் வாங்கும் வெள்ளரிக்காய், அதாவது எங்கள் பேச்சில் பிப்பிஞ்ஞா, அரபியில் ‘கியார்’. அந்தச் சொல்லே பாரசீகத்திலிருந்து வந்தது. காயும் இந்தியாவில் தோன்றி, பாரசீகத்தின் வழியாக மேற்கே போனது.

தாவரவியலாளர்களின் ஆய்வுகள் விடயத்தை இன்னும் தெளிவாக்கின. ஜூல்ஸ் ஜானிக், ஹாரி பாரிஸ், டேவிட் பாரிஷ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளின் பழைய சித்திரங்களையும் ஏடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, அக்காலத்து ‘வெள்ளரி’ என்று இன்று மொழிபெயர்க்கப்படுவது உண்மையில் நீண்டு வளரும் ஒரு மெலன் வகை என்று அவர்கள் காட்டினார்கள். மயிருள்ள தோல், மெல்லிய வரிகள், வெளிர்பச்சை நிறம். பாம்பு போல வளைந்து நீளுவதால் பாம்பு வெள்ளரி என்றும், ஆர்மேனியன் வெள்ளரி என்றும் விதைக் கடைகளில் சொல்கிறார்கள். பெயரில்தான் வெள்ளரி, பிறப்பில் முலாம்பழத்தின் சகோதரி. பலஸ்தீனிலும் ஜோர்தானிலும் இதற்கு ‘ஃபக்கூஸ்’ என்று பெயர். அந்நாடுகளில் வேலை செய்து திரும்பிய எமது சகோதரிகள் பலர் இதை வெட்டியும் சமைத்தும் இருப்பார்கள். வட இந்தியாவில் இதுவே ‘கக்டி’.

பிப்பிஞ்ஞாவும் இந்தக் காயும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை; ஆனால் இனம் வேறு. பிப்பிஞ்ஞாவின் நிறமூர்த்தங்கள் 14. இதன் நிறமூர்த்தங்கள் 24. எமது கெக்கரிக்கும் 24. ஏனென்றால் கெக்கரி, முலாம்பழம், கிஸ்ஸா ஆகிய மூன்றும் ஒரே இனத்தின் வெவ்வேறு வகைகள்.

அந்தப் பிள்ளை சொன்னது முற்றிலும் சரி! மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அதைச் சொன்னேன். ‘நான் இத்தனை வருடங்களாகக் கிதாபில் பார்த்தும் காணாததை, இந்த மகள் சேனையில் கண்டிருக்கிறார்’ என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை கடைசி வாங்கில் உட்காரவில்லை.

எங்கள் வளவில்

2022ஆம் ஆண்டு எப்படி இருந்தது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, மரக்கறியின் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். அந்த ஜூன் மாதத்தில், வீட்டுத் தோட்டம் செய்வதற்காக அரசாங்க ஊழியருக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்கவும் அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியது. எனக்கு விடுமுறை இல்லை. ஆனால் புத்தளம் பக்கத்தில் எங்கள் வீட்டின் பின்னால் கொஞ்சம் மணல் வளவு இருந்தது. என் மனைவி அதில் கீரையும் மிளகாயும் கத்தரியும் நட்டார். நான் கொழும்புக்குப் போன சமயம் விதைக் கடையொன்றில் பாம்பு வெள்ளரி விதைப் பொதி ஒன்றைக் கண்டு வாங்கி வந்தேன்.

முதலில் ஒக்டோபரில் நட்டேன். மழை தொடங்கியது, இலைகளில் மஞ்சள் புள்ளி விழுந்து, கொடி பூக்குமுன்பே கருகிவிட்டது. மறுபடியும் 2023 ஜனவரி இறுதியில் நட்டேன். கொடி நன்றாக வந்தது, பூத்தது, பிஞ்சும் பிடித்தது. ஆனால் எல்லாப் பிஞ்சுகளிலும் புழு! ஒரு காய்கூட வீட்டுக்குள் வரவில்லை.

‘கிதாபைப் பார்த்து நட்டால் இப்படித்தான். மண்ணையும் மழையையும் பார்த்து நட வேண்டும்’ என்றார் மனைவி. மூன்றாம் தடவை, மே மாதத்தில், விதையை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் தண்ணீர் ஊற்றும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்தத் தடவைதான் காய்த்தது. கீழே எழுதுவது பெரும்பாலும் அவர் கண்டறிந்தவையே.

நடும் முறை

இந்தக் கொடிக்கு வெயில் வேண்டும். இலையில் ஈரம் கூடாது. ஆகவே உங்கள் ஊரில் பெருமழை ஓய்ந்த பின் நடுங்கள். மரநிழல் விழாத இடமாகப் பாருங்கள்.

ஓர் அடி நீள, அகல, ஆழமுள்ள குழி வெட்டி, மேல்மண்ணையும் நன்கு உக்கிய கூட்டெருவையும் கலந்து நிரப்பி, ஒரு வாரம் ஆற விடுங்கள். குழிக்கு மூன்று விதைகளை அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். நான்கிலிருந்து ஏழு நாட்களில் முளைக்கும். திடமான ஒன்றை விட்டு மற்றவற்றை நுனியில் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும். இதன் வேருக்கு அசைவு பிடிக்காது. ஆகவே நாற்று மேடையில் முளைக்க வைத்துப் பிடுங்கி நடுவதைவிட, நேரே விதைப்பதே நல்லது. செடிக்குச் செடி மூன்றடி இடைவெளி போதும். வளவு இல்லாதவர்கள், அடியில் துளையிட்ட அரிசிப் பையில் மண் நிரப்பி, பைக்கு ஒரு செடி வீதம் வளர்க்கலாம்.

கொடி ஏறுவதற்கு ஐந்தடி உயரத்தில் கம்பும் வலையும் கட்டுங்கள். தொங்கும் காய் நேராக வளரும். நிலத்தில் கிடக்கும் காய் வளைந்து போகும், அழுகவும் கூடும். காலையில், வேரடியில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் வைக்கோலோ காய்ந்த தென்னோலையோ பரப்பினால் ஈரம் நிற்கும்.

தளிர் இலைகளைச் செம்மஞ்சள் நிற வண்டுகள் கடித்துத் துளையிடும். விடியற்காலையில் அவை சோம்பிக் கிடக்கும், கையால் பொறுக்கிவிடலாம். பூக்கும்வரை பழைய வலைத் திரைச்சீலையால் மூடி வைப்பதும் நல்ல வழி. பூக்கத் தொடங்கியதும் திரையை எடுத்துவிட வேண்டும், தேனீ வரவேண்டுமல்லவா?

ஐந்தாறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகள் வரும். காய்க்கும் பூ அதிகமாக வருவது அந்தக் கிளைகளில்தான்.

பூ உதிர்கிறதே என்று பயப்பட வேண்டாம்

முதலில் வருபவை எல்லாம் ஆண் பூக்கள். அவை உதிர்வது இயல்பு. சில நாட்களுக்குப் பின்பே பெண் பூ வரும். அதை இனங்காண்பது எளிது: பூவின் அடியில் பஞ்சு மயிரோடு ஒரு சிறு பிஞ்சு இருக்கும். அதுதான் ருபைய்யிஉ (ரழி) அவர்களின் தட்டில் இருந்த ‘குட்டி’. முதன்முதலாக அதைக் கண்ட காலையில் மனைவி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இருபது வருடங்களாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய ஒரு சொல்லை அன்றுதான் விரலால் தொட்டேன்.

தேனீக்கள் குறைவாக இருந்தால், காலை ஒன்பது மணிக்கு முன் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்கள்.

பூ வாடியவுடன் பை

எமது நாட்டில் இந்தக் குடும்பத்துக் காய்களுக்குப் பெரிய எதிரி பழ ஈ. பிஞ்சின் தோலில் துளையிட்டு முட்டை இடும். வெளியே ஊசி குத்திய அளவு தழும்புதான் தெரியும்; உள்ளே புழு. மருந்தடித்தும் உள்ளே இருக்கும் புழுவைப் பிடிக்க முடியாது. தினமும் பறித்து உண்ணும் காய்க்கு மருந்தடிப்பதும் ஏற்றதல்ல.

எங்கள் வீட்டில் பலன் தந்தது பத்திரிகைத் தாள். பூ வாடிய அன்றே, பிஞ்சை ஒரு தாள் பைக்குள் விட்டு, காம்பருகில் நூலால் தளர்வாகக் கட்டிவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் ஈ முந்திவிடும். புழு விழுந்த காய்களை எருக்குழியில் போடாதீர்கள். அங்கேயே அவை பெருகும். கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டிச் சில நாட்கள் கடும் வெயிலில் வைத்தால் புழுக்கள் செத்துவிடும்.

பிஞ்சிலே பறியுங்கள்

நட்டு ஏறக்குறைய 50 முதல் 60 நாட்களில் முதல் காய் வரும். இது இரண்டடி, மூன்றடி என்று நீளக்கூடியது. பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் காத்திருக்காதீர்கள். நான்கிலிருந்து ஆறு அங்குலத்தில், மயிர் உதிருமுன்பே பறிப்பதுதான் ருசி. தோல் சீவத் தேவையில்லை. விதை இருப்பதே தெரியாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை பறித்தால் கொடி மேலும் மேலும் காய்க்கும். ஒரு காயை முற்ற விட்டால், ‘என் வேலை முடிந்தது’ என்பது போல கொடி ஓய்ந்துவிடும்.

கடைசியில் ஒரு காயை மட்டும் விதைக்காக விடுங்கள். அது மஞ்சளாகி, முலாம்பழ வாசனை வரும். விதையை எடுத்து ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, போத்தலில் அடைத்து வையுங்கள். பக்கத்தில் பிப்பிஞ்ஞா இருந்தால் பாதகமில்லை, இரண்டும் கலவா. கெக்கரியோ முலாம்பழமோ இருந்தால் தேனீ கலந்துவிடும். மறு வருடம் வேறு விதமான காய் வரும்.

வெளிநாட்டிலிருக்கும் உறவினரிடம் விதை கொண்டுவரச் சொல்லாதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதியின்றி விதை கொண்டுவருவது குற்றம். ஒரு பொதி விதையோடு ஒரு நோயும் நாட்டுக்குள் வந்துவிடலாம். பாம்பு வெள்ளரி விதை கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். கெக்கரி விதையை நடுங்கள். இதே முறைதான். அதையும் பிஞ்சிலே பறித்துப் பாருங்கள். அது கிஸ்ஸாவின் கூடப்பிறந்த சகோதரிதானே!

கசந்தால் துப்பிவிடுங்கள்

ஓர் எச்சரிக்கை. இந்தக் குடும்பத்துக் காய்கள் சில வேளை கசக்கும். அந்தக் கசப்புப் பொருள் வயிற்றுக்குக் கெடுதி. வாந்தி பேதி வரலாம். சமைத்தாலும் அது போகாது. ஒவ்வொரு காயிலும் காம்புப் பக்கத்தில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கடுமையாகக் கசந்தால் துப்பிவிட்டு, முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். வீண்விரயம் என்று பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

தட்டில்

பிஞ்சை ஈரத் துணியால் துடைத்தால் மயிர் போய்விடும். வட்டமாக வெட்டி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி சேர்த்தால் நல்ல சம்பல். சற்று முற்றியதை மாசியும் மஞ்சளும் போட்டுத் தேங்காய்ப் பாலில் கறி வைக்கலாம். பலஸ்தீனத்துப் பெண்கள் நடுவைக் குடைந்து, அரிசியும் இறைச்சியும் அடைத்து அவிப்பார்கள். அவர்களின் மலைநிலங்களில் கோடையில் தண்ணீர் ஊற்றாமலே, மண்ணில் தங்கிய மழை ஈரத்திலேயே இதை விளைவிக்கும் வழக்கம் உண்டு.

நபியவர்கள் உண்ட முறை அனைத்தையும்விட எளிது: புதிய பேரீத்தம்பழத்தோடு பச்சைக் காய். அப்துல்லாஹ் பின் ஜஃபர் (ரழி) அவர்கள் கண்ணால் கண்டு அறிவித்ததாக புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஆயிஷா (ரழி) அவர்களின் தாயார், மெலிந்திருந்த தம் மகளின் உடல் தேற எதையெதையோ கொடுத்துப் பார்த்து, கடைசியில் இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் தேறியது என்று அபூதாவூதில் வருகிறது. காய் பெரும்பாலும் தண்ணீர், சத்து பேரீத்தம்பழத்தில். ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் காயைத் தாராளமாகவும் பழத்தை அளவோடும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் காய் யாருக்கு?

பருவத்தின் முதற் கனியை நபியவர்களிடம் கொண்டு வந்தால், பரக்கத்துக்காகத் துஆச் செய்துவிட்டு, அங்கிருக்கும் பிள்ளைகளில் மிகச் சிறியவரை அழைத்து அதைக் கொடுப்பார்கள் என்று அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தி முஸ்லிமில் உள்ளது. எங்கள் வீட்டின் முதல் காயை அப்படியே எங்கள் கடைசி மகனுக்குக் கொடுத்தோம். கடித்துவிட்டு, ‘வாப்பா, கூச்சமாக இருக்கிறது’ என்று நாக்கைத் துடைத்தான். மயிரைத் துடைக்க மறந்திருந்தோம்!

அந்த நாட்களில் காத்தான்குடியிலிருந்து உறவினர் ஒருவர், அங்கே வீதியோரம் நிற்கும் மரங்களில் பழுத்த பேரீத்தம்பழங்கள் கொஞ்சம் கொண்டு வந்தார். மனைவி ஒரு தட்டை எடுத்தார். கீழே பழங்களைப் பரப்பி, மேலே எட்டுப் பிஞ்சுகளை மயிரோடு அடுக்கினார். யாருக்கு என்று கேட்டேன்.

‘கேள்வி கேட்ட பிள்ளைக்கு’ என்றார்.

மாலையில் இருவரும் கொண்டு போனோம். அந்தப் பிள்ளையின் உம்மா தட்டைக் கையில் வாங்கி, ஒரு பிஞ்சை எடுத்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ‘இது எங்கள் கெக்கரிப் பிஞ்சு மாதிரியே இருக்கிறதே’ என்றார். மகள் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். தட்டைத் திருப்பித் தரும்போது அதில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. சேனையில் விளைந்த கெக்கரி விதை.

இப்போது எங்கள் வளவில் இரண்டும் வளர்கின்றன. தேனீ கலந்துவிடாதபடி இரண்டையும் வெவ்வேறு மாதங்களில் நடுகிறோம். சகோதரிகளே, பெருமழை ஓய்ந்ததும் நீங்களும் ஒரு குழி வெட்டுங்கள். முதல் காயை வீட்டின் சின்னப் பிள்ளைக்குக் கொடுங்கள், துடைத்துவிட்டுக் கொடுங்கள். அடுத்ததை அயல் வீட்டுக்கு அனுப்புங்கள். அல்லாஹ் உங்கள் மண்ணிலும் கையிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.